பட்டுமெத்தைப் பூனையின் தமிழ்

யாமினியின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கொரியர் எங்கே நிற்கிறது, சிலிண்டர் எப்போது வரும், டாக்டர் இன்று உண்டா என்று எங்கோ போன் போட்டிருப்பீர்கள். ‘தமிழில் தொடர இரண்டை அழுத்தவும்’ என்று ஒரு பெண் சொல்லியிருப்பாள். அழுத்தியதும் அவளே மறுபடி வந்து, ‘தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்’ என்றிருப்பாள். காத்திருந்து காத்திருந்து கடுப்பாகி அவளை நாலு வார்த்தை திட்டியும் இருப்பீர்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி என்று ஒருத்தி இருக்கிறாள், பெங்களூர் ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள், இந்நேரம் குக்கர் விசிலுக்குக் காது கொடுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

அவள் அப்பா ராமலிங்கத்துக்குத் தெரியும். மகள் நினைவு வந்தால் அவர் மகளுக்குப் போன் செய்வதில்லை. வேலை நேரத்தில் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பார். கொரியர் கம்பெனிக்குப் போன் போட்டு இரண்டை அழுத்துவார். ‘தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று மகள் சொன்னதும், “சரிம்மா, நல்லா கீறியா? சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

போனில் வரும் அந்தக் குரலுக்கு ஊர் கிடையாது. மதுரைக்காரர் கேட்டால் இது எங்கள் பக்கம் இல்லை என்பார், கோயம்புத்தூர்க்காரரும் அதையே சொல்வார். ஆனால் யாமினிக்கு ஊர் உண்டு. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப், தகரக் கூரை போட்ட லைன் வீடு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். ராமலிங்கம் பூமிக்கடியில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தார். அவள் ஏழாவது படிக்கும்போது சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு அவர் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் வந்து, ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் காவல் நின்றுவிட்டு, ராத்திரி ரயிலில் திரும்பினார். அந்த ரயில்தான் மகளை பி.காம். படிக்க வைத்தது.

அந்த லைனில் பட்டம் வாங்கிய முதல் பெண் யாமினி. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் எடுத்துக்கொண்ட படத்தை ராமலிங்கம் வீட்டுக்குள் மாட்டவில்லை. வாசல் கதவுக்கு மேலே, வெளிப்பக்கம், தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி மாட்டினார். மழைக்கு ஒரு பாலிதீன் உறையும் போட்டார்.

அந்த வீட்டில் பேசிய தமிழ் போன் தமிழ் அல்ல. அங்கே ‘என்ன’ கிடையாது, ‘இன்னா’தான். ‘இருக்கிறது’ என்பது ‘கீது’. அப்பனைக் கூப்பிடுவதும் ‘நைனா’, பாசம் முற்றினால் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதும் ‘நைனா’. அந்தத் தமிழோடுதான் அவள் அதே ரயிலில் ஏறி, கோரமங்களாவில் ஒரு கால் சென்டரில், தமிழ்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

முதல் வாரமே ஒரு வாடிக்கையாளரிடம், “இன்னா சார் பிராப்ளம்?” என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது.

“ஏம்மா, சினிமாவுல ஜெயில் சீன்ல பேசுற மாதிரியே பேசுறியே. அங்க படிச்ச பொண்ணு யாராவது இருந்தா குடும்மா.”

படிச்ச பொண்ணு. அந்த வார்த்தை அவளை எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று, வாசலுக்கு மேலே பாலிதீன் உறைக்குள் தொங்கும் படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். அன்று இணைப்பை வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்த நாளிலிருந்து நாக்கைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். ரயிலில் வரும்போதும் போகும்போதும் காதில் வானொலிச் செய்தி. செய்தி வாசிப்பவர் சொல்வதை உதடு அசையாமல் கூடவே சொல்லிப் பார்ப்பாள். ஒரு வருடத்தில் அவள் வாயிலிருந்து ஊர் போய்விட்டது. “உன் தமிழ்ல ஒரு கறை இல்ல யாமினி” என்று டீம் லீடர் சுப்புலக்ஷ்மி மேடமே சொன்னார். பதிவுக் குரலுக்கு ஆள் தேடியபோது அவளைத்தான் கைகாட்டினார்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. சண்முகம் தருமபுரிக்காரர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், “சாம்பாருக்கு ஒன்றை அழுத்தவும், ரசத்துக்கு இரண்டை அழுத்தவும்” என்று அவளைச் சீண்டுவார். மகள் சிந்துவுக்கு எட்டு வயது. சிந்துவிடமும் யாமினி கறை இல்லாத தமிழில்தான் பேசினாள். பிள்ளைக்கு அந்த ‘இன்னா’ ஒட்டிவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு பயம்.

பதிவுகளெல்லாம் டேரிலின் ஸ்டுடியோவில் நடக்கும். விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலுக்குப் போகிற சாலையில், ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடி. டேரில் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். வியாழக்கிழமை மட்டும் எந்தக் கொம்பன் கேட்டாலும் ரெக்கார்டிங் கிடையாது. நொவேனா ஜெபத்துக்கு வரும் கூட்டமும் ஆட்டோ ஹாரனும் எத்தனை பஞ்சு வைத்து அடைத்தாலும் உள்ளே வந்துவிடும். “அன்னைக்கு சேசுவோட டேட் மா, நம்ம டேட் இல்ல” என்பார்.

அந்த டேரிலிடம்தான் பூனைப் படம் வந்து சேர்ந்தது.

அரை நூற்றாண்டுக்கு முன்னால் வெளிநாட்டில் கையால் வரைந்து எடுத்த கார்ட்டூன் படம். ஒரு பங்களா. அதில் லேடி ரூபி என்றொரு வெள்ளைப் பூனை; மூன்று குட்டிகள். படுக்கப் பட்டுமெத்தை, குடிக்க வெள்ளிக் கிண்ணம், பால் காய்ச்சிக் கொடுக்கத் தனியாக ஒரு சமையல்காரன். வீடு மாற்றும் நாளில் பூனைக் கூடை வண்டியிலிருந்து உருண்டு விழுந்துவிடுகிறது. கண் விழித்துப் பார்த்தால் மீன் சந்தை. டிக்கி என்கிற சந்துப் பூனை ஒன்று அவர்களை வீட்டுக்குக் கூட்டிப் போகிறது. இதைத் தமிழிலும் கன்னடத்திலும் பேசவைத்து இணையத்தில் ஓடவிட வேண்டும் என்று மும்பைக் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. தமிழுக்கு டப்பிங் இயக்குநர் அஷ்வின், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய திருச்சிக்காரன்.

“பணக்காரப் பூனைங்க. ரூபிக்கு ரொம்பச் சுத்தமான குரல் வேணும்” என்று அஷ்வின் கேட்டபோது, டேரில் யோசிக்கவே இல்லை.

யாமினி ஒப்புக்கொண்டாள். பதினைந்து வருடமாக ஊரெல்லாம் அவள் குரல் கேட்கிறது. எங்கும் பேர் இல்லை. இந்தப் படத்தின் கடைசியில் பேர் ஓடும். ‘லேடி ரூபி: யாமினி ராமலிங்கம்.’ சிந்து வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். கீழ் வீட்டுக்காரம்மாவிடம் கன்னடத்திலும் சொல்லிவிட்டாள்.

வசனத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தபோதுதான் ஒரு இடத்தில் முள் தட்டியது. லேடி ரூபி இப்படிப் பேசினாள்: ‘வாருங்கள் என் செல்வங்களே, உணவருந்தும் வேளை நெருங்கிவிட்டது.’ சந்துப் பூனை டிக்கி இப்படிப் பேசினான்: ‘இன்னா நைனா, வூட்டாண்டருந்து வெரட்டி வுட்டுட்டாங்களா?’

பட்டுமெத்தைப் பூனைக்குப் போன் தமிழ். சாக்கடை ஓரத்துப் பூனைக்கு அவள் அப்பாவின் தமிழ். சிரிப்பு வரவேண்டிய இடங்களில் எல்லாம் அந்தத் தமிழைத் தாராளமாகத் தூவியிருந்தார்கள். யாமினி தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். டிக்கிக்குக் குரல் கொடுத்த பாலகுமார் நாகர்கோவில் பையன். ‘இன்னா’வை நாகர்கோவில் ராகத்தில் இழுத்து இழுத்துச் சொன்னபோது அஷ்வின் விழுந்து விழுந்து சிரித்தான். கூட யாமினியும் சிரித்துவைத்தாள்.

ரூபி வீட்டில் இருக்கிற காட்சிகள் மளமளவென்று முடிந்தன. பிரச்சினை மீன் சந்தையில் வந்தது.

குட்டிகளில் கடைசி, பட்டன் என்கிற பெண் குட்டி, சந்தையில் தொலைந்துபோகிறது. ரூபி விடிய விடியக் கூடைகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே தேடுகிறாள். வெளிச்சம் வருகிற நேரத்தில் மீன் நாற்றத்தோடு, ஒரு காதில் செதில் ஒட்டிக்கொண்டு, பட்டன் தானாக வந்து நிற்கிறது. ரூபி பார்க்கிறாள். வாயைத் திறந்து ஒரே ஒரு வரி சொல்கிறாள். தமிழில் அந்த வரி: ‘எங்கே சென்றிருந்தாய், என் கண்ணே?’

யாமினி சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அஷ்வின் நெற்றியைத் தேய்த்தான்.

“உச்சரிப்பு சூப்பர் மேடம். ஆனா பாருங்க, காணாமப்போன புள்ள வந்து நிக்குது. நீங்க சொல்றது ‘உங்க பார்சல் டெலிவரி ஆயிடுச்சு’ங்கற மாதிரி இருக்கு.”

டேரிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சாரி மா. ஆனா நெஜமாவே அப்டித்தான் இருக்கு.”

மறுபடி சொன்னாள். குரலைத் தழைத்துச் சொன்னாள், நடுங்கவிட்டுச் சொன்னாள், கடைசியில் கண்ணீரே வரவழைத்துக்கொண்டு சொன்னாள். பார்சல் அழுதுகொண்டே டெலிவரி ஆயிற்று.

“இன்னொன்னும் இருக்கு அஷ்வின்” என்றார் டேரில். “பூனையோட வாய் கடைசில ரெண்டு தடவ மூடுது. ‘கண்ணே’ல வாய் எங்க மூடுது? உதட்டுல உக்காரவே மாட்டேங்குது.”

அஷ்வின் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பிறகு உள்ளே வந்து, எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். திங்கக்கிழமை இன்னொரு தடவ பாப்போம். சரியா வரலன்னா, சென்னையில கிருத்திகான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்க வந்து பண்ணிடுவாங்க.”

“இந்த சீன் மட்டுமா சார்?”

“ரூபி ஃபுல்லா. பாதிப் பூனைக்கு ஒரு குரல், மீதிப் பூனைக்கு ஒரு குரல்னு வைக்க முடியாதுல்ல.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அதனால்தான் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து சண்முகத்திடம் மட்டும் சொன்னாள். அவர் அன்று ஒன்றையும் அழுத்தச் சொல்லவில்லை. “புள்ளைகிட்ட இப்ப சொல்லாத” என்றார்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. சண்முகத்தை எங்கோ லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதென்று சாயங்காலம் கூப்பிட்டுவிட்டார்கள். யாமினி சமைத்துக்கொண்டே அந்த ஒரு வரியை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். கொத்தமல்லி இல்லை. “கீழே கடைக்குச் சென்று ஒரு கட்டு வாங்கி வா” என்று சிந்துவை அனுப்பினாள். வீட்டிலும் ரூபிதான் பேசிக்கொண்டிருந்தாள்.

ரசம் நுரைகட்டியது. இறக்கி வைத்தாள். சிந்துவைக் காணோம்.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இறங்கிக் கடைக்குப் போனாள். “பந்தில்லம்மா, வரலை” என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார் கடைக்காரம்மா. யோசித்துப் பார்த்தால் அவருக்கு வந்துவிட்டுப் போனதாகவும் நினைவு, வராத மாதிரியும் நினைவு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சந்தில் தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கிளீனர் லாரியின் உடம்பைத் தட்டித் தட்டி, “பா, பா, பா” என்று பின்னால் வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். லாரியின் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாள். காலில் செருப்பு இல்லை என்பதுகூடத் தெரியாமல் அடுத்த சந்துக்கு ஓடினாள். டியூஷன் வீடு, இட்லிக் கடை, இஸ்திரி வண்டி என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டாள். “பாப்பா இப்படித்தான் போச்சுக்கா” என்று ஒருவன் சொன்ன திசையில் பாப்பா இல்லை.

திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றபோது, எதிரே மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தியிருந்த பழைய டெம்போவின் அடியிலிருந்து சிந்து தவழ்ந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. முட்டி கறுப்பு. கையில் வதங்கிப்போன கொத்தமல்லிக் கட்டு.

“அம்மா, பெக்கு குட்டி போட்டிருக்கும்மா! டயருக்குள்ள! மூணு!” என்றாள், பூனையைக் கன்னடத்தில் கூப்பிட்டுப் பழகிய சிந்து.

யாமினி அடிக்கவில்லை. கத்தவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள். அவள் வாயிலிருந்து மெல்ல, கிட்டத்தட்ட மரியாதையாக, இது வந்தது:

“வாங்கம்மா, மகாராணி. வாங்க. இன்னா, வூடு மறந்து பூட்ச்சா?”

சிந்துவின் முகம் அப்படியே கோணியது. அடித்திருந்தால்கூட அழுதிருக்க மாட்டாள். ‘வாங்க’ என்றதும் உடைந்துபோய் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒட்டடை, கிரீஸ், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு யாமினி மாடிப்படி ஏறினாள்.

முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

எட்டு வயதுப் பெண்ணை ‘வாங்க’ என்று சொல்லியிருக்கிறோம். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. தன் அம்மா இப்படித்தான் சொல்வாள், ரயில் தண்டவாளத்துப் பக்கம் விளையாடிவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பிய நாட்களில். அந்த நேரத்தில் ‘வா’ போதாது. இத்தனை நேரம் செத்துப் பிழைத்ததை ‘வா’வுக்குள் அடைக்க முடியாது. அதற்கு ‘வாங்க’ வேண்டும். மரியாதை கொடுக்கிற மாதிரிக் கொடுத்து, அதற்குள் கோபம், பயம், கொஞ்சல் எல்லாவற்றையும் வைத்து நீட்ட வேண்டும். லேடி ரூபிக்கும் மரியாதைதான் வேண்டுமாம். இதைவிட என்ன மரியாதை?

“அம்மா, இன்னும் கோவமா?” தோளிலிருந்து சிந்து கேட்டாள்.

“இல்லடி. என் வாயப் பாரு. வாங்கம்மா, மகாராணி. எத்தன தடவ மூடுச்சு?”

சிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே உற்றுப் பார்த்தாள். “இன்னொருக்கா சொல்லு.”

“வாங்கம்மா, மகாராணி.”

“ரெண்டு.”

“நல்லாப் பாத்தியா?”

“ரெண்டேதாம்மா. மொதல்ல பெருசா, அப்புறம் சின்னதா.”

திங்கட்கிழமை அஷ்வின் சோர்ந்துபோய் இருந்தான். சென்னையில் பேசி முடித்துவிட்ட முகம் என்று யாமினிக்குத் தோன்றியது. உட்காராமலே சொன்னாள்:

“சார், எழுதியிருக்கறத ஒரு தடவ சொல்றேன். அப்புறம் நான் நெனைக்கறத ஒரு தடவ சொல்றேன். ரெண்டையும் எடுத்துக்கங்க.”

“நீங்க நெனைக்கறது என்ன?”

சொன்னாள். ‘பூட்ச்சா’ வரை முழுதாகச் சொன்னாள். அஷ்வின் டேரிலைப் பார்த்தான், டேரில் ஃபேனைப் பார்த்தார்.

“மேடம், ரூபி பட்டுமெத்தையில படுக்கற பூனை. அவளே ‘இன்னா’ன்னா, அவளுக்கும் டிக்கிக்கும் என்ன வித்தியாசம்?”

“வித்தியாசம் மெத்தைல இருக்கு சார். புள்ள தொலைஞ்சு போய் ராத்திரி பூரா தேடுனவளுக்கு மெத்தை எங்க இருக்கு?” அவள் குரல் லேசாக ஏறியது. இறக்கிக்கொள்ளவில்லை. “அப்புறம் அது டிக்கியோட தமிழ் மட்டும் இல்ல. எங்க வீட்டுத் தமிழ். எங்க நைனா இன்னைக்கும் அதுதான் பேசறாரு.”

“நீங்க சென்னையா?”

“கோலார் தங்கவயல்.”

“இத்தன நாளா சொல்லவே இல்லையே மேடம்.”

“நீங்க கேக்கல. யாரும் கேக்காத மாதிரிதான் நானும் பேசிகினு இருந்தேன்.”

‘பேசிகினு’ என்று வந்துவிட்டதை அவளும் கவனித்தாள். பின்வாங்கவில்லை. அஷ்வின் காதைச் சொறிந்துகொண்டான். டிக்கியின் வசனத்துக்கு அவள் எதிரிலேயே விழுந்து விழுந்து சிரித்த நாள் அவன் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். “சரி, உள்ள போங்க” என்றான். கதவு மூடுமுன், “மேடம், சத்தம் வேணாம். கோவத்த முழுங்கிட்டுச் சொல்லுங்க. அவ கிட்டத்தட்ட சிரிச்சுக்கிட்டே சொல்ற மாதிரி” என்றும் சொன்னான். அது சரியான யோசனை.

விளக்கு சிவப்பானது. திரையில் விடிந்துகொண்டிருந்தது. பட்டன் செதிலோடு வந்து நின்றது. லேடி ரூபி தலையைத் திருப்பினாள். யாமினி கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை.

“வாங்கம்மா, மகாராணி.”

ரூபியின் உதடு பெரிதாக ஒருமுறை மூடியது, சிறிதாக ஒருமுறை மூடியது. மீதி வார்த்தைகளுக்குத் திரையில் இடம் இல்லை. ரூபி அதற்குள் குட்டியை நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். யாமினியும் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

முதலில் டேரிலின் குரல் கேட்டது. “ஐயோ, எங்க மம்மி மா! ஸ்கூல் கட் அடிச்சிட்டு கிரிக்கெட் ஆடப் போன அன்னைக்கு, மௌரீன் மம்மி கேட்லயே நின்னுட்டு, ‘வாங்க மிஸ்டர் டேரில், வெல்கம்’. முடிஞ்சேன் நான்.”

“எங்க வீட்ல ‘வாங்க கலெக்டர் சார்’” என்றான் அஷ்வின். “எங்கம்மா என்னைக்கெல்லாம் கலெக்டர்னாங்களோ அன்னைக்கெல்லாம் சோறு கெடையாது.” சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். “நான்தான் முட்டாள்தனமா எழுத வச்சிருக்கேன். எந்த ஊர்ல எந்தப் பணக்காரங்க ‘உணவருந்தும் வேளை’ன்னு பேசறாங்க? அது போன்ல மட்டும்தான் பேசறாங்க. சாரி மேடம்.”

“பரவால்ல சார். அது என் பொழப்பு” என்றாள் யாமினி. மூவரும் சிரித்தார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. இந்த ரூபி இப்படிப் பேசினால், ஏற்கெனவே பதிவு செய்த ரூபி வேறு யாரோ ஒருத்தி ஆகிவிடுகிறாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்கு மும்பை சம்மதிக்க வேண்டும். அஷ்வின் அந்தக் காட்சியையும், ‘இன்னா’வோடு புதிய பேச்சில் எடுத்த இன்னும் இரண்டு காட்சிகளையும் அனுப்பிவைத்தான். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமை சேசுவின் நாள். வெள்ளிக்கிழமை காலை யாமினி கால் சென்டரில் இருக்கும்போது அவன் கூப்பிட்டான்.

“ஒரு நல்ல செய்தி, ஒரு மாதிரியான செய்தி. எத மொதல்ல சொல்ல?”

“மாதிரியானத சொல்லுங்க.”

“அங்க ஒரு தமிழ்க்காரர் பாத்திருக்காரு. ‘இன்னா, கீது எல்லாம் ஹீரோயின் வாயில வேணாம், அதெல்லாம் காமெடிக்கு’ன்னு எழுதிட்டாரு. நான் சண்ட போட்டேன் மேடம். நடக்கல.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பக்கத்து மேசையில் ஒரு பெண் யாருக்கோ, “தங்கள் பொறுமைக்கு நன்றி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நல்ல செய்தி?”

“‘வாங்கம்மா மகாராணி’ அப்படியே இருக்கட்டும்ங்கறாங்க. ‘இன்னா, கீது’ மட்டும் இல்லாம, அந்த வீட்டுப் பேச்சுலயே படம் பூரா பண்ணச் சொல்லிட்டாங்க. கிருத்திகாகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். ரூபி நீங்கதான்.”

யாமினி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாதி போய்விட்டது, பாதி கிடைத்திருக்கிறது. போன பாதி அவளை உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அவள் அம்மா சொன்ன மாதிரி ஒரு வரியை அவள் வெளியே சொல்லியிருக்கிறாள், அதை ஊரெல்லாம் கேட்கப்போகிறது.

“சார், ‘இன்னா’ எனக்கு வேணாம், டிக்கிகிட்டயே இருக்கட்டும். ஆனா அவன கோமாளி மாதிரி இழுத்து இழுத்துப் பேச வைக்க வேணாம்னு பாலகுமார்கிட்ட சொல்லுங்க. எங்க ஊர்ல அந்தத் தமிழ்லதான் கல்யாணம் பேசறாங்க, அழுவறாங்க, எல்லாம் பண்றாங்க.”

“அத நீங்களே சொல்லுங்க மேடம். அவன் காலைலேருந்து ‘அக்கா எப்ப வருவாங்க’ன்னு கேட்டுட்டு இருக்கான். ‘வூட்டாண்ட’ன்னு சொல்லிச் சொல்லி வாய் கோணிப்போச்சாம்.”

சனிக்கிழமை முதல் ரீலிலிருந்து தொடங்கினார்கள். பழைய வசனத்தாள் மேசையில் இருந்தது. ரூபியின் வரிகள் எல்லாம் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் பெரும்பாலும் காலி இடம். “நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்” என்றான் அஷ்வின். டேரில் கதவிடுக்கில் துணி செருகினார். பாலகுமார் ஓரமாக டீயோடு உட்கார்ந்திருந்தான்.

“மொத ஷாட்” என்று அஷ்வினின் குரல் காதுக்குள் வந்தது. “காலைல. பங்களா. மெத்தையில குட்டிங்க மூணும் எழுந்திரிக்காம சுருண்டு கெடக்குது. பால் வந்தாச்சு. ரூபிக்கு இன்னும் ஒரு கஷ்டமும் தெரியாது. சொகுசுக்காரி. ஆனா அம்மா.”

“எழுப்பணும், அவ்வளவுதான?”

“அவ்வளவுதான்.”

யாமினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் வெள்ளைப் பூனை ஒன்று சோம்பலாக வாலை நீட்டி, குட்டிகளின் முகத்தருகே குனிந்தது.

“எழுந்திரிங்க துரைங்களா” என்றாள் யாமினி. “பால் ஆறிப்போச்சுன்னா சமையல்காரர் என்னைத்தான் மொறைப்பாரு.”